கதவை மூடினது அண்ணனா, தம்பியா?

அந்தத் தெருவில் ஜன்னல் கண்ணாடி உடைந்தவர்கள் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கண்ணாடிக்கடைக்குப் போவார்கள். கண்ணாடி நல்ல கண்ணாடி, வேலையும் சுத்தம். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அளவைச் சொல்லி முடிப்பதற்குள், கடையை நடத்துகிற சகோதரர்களில் மூத்தவரோ சின்னவனோ, "சாம்பல் வளையம் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டுவிடுவார்கள். பார்த்திருக்கிறேன் என்று வாயைக் கொடுத்தால் மாட்டிக்கொண்டோம். பார்க்கவில்லை என்றால் அதைவிட மோசம். கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பிப்பார்கள், அதுவும் ஒரே நேரத்தில் இரண்டு பேரும் இரண்டு விதமாக.

விண்வெளிப் படம் அது. வேற்று பாஷையில் எடுத்து, தமிழ் பேச வைத்து ஓட்டுகிறார்கள். இதுவரை நான்கு பாகம் வந்திருக்கிறது. முதல் பாகத்தில் வானத்தில் மிதக்கிற ஒரு நிலையத்தில் தீப்பிடித்துவிடுகிறது. ஒரு பாதியில் சகோதரர்கள் இரண்டு பேர், மறுபாதியில் அவர்களுடைய அம்மா, நடுவில் ஒரு கதவு. மூடினால் தீ இந்தப் பக்கம் வராது, அம்மாவும் வரமாட்டாள். ஒருவன் பொத்தானை அழுத்தி மூடிவிடுகிறான். மற்றவன் கதவில் அறைந்து, "மூடாதே அண்ணே, மூடாதே" என்று அழுகிறான். ஆக, மூடியவன் அண்ணன். இது வரைக்கும் தகராறு இல்லை.

மூன்றாம் பாகத்தில் வந்தது வினை. கதவை மூடிய அதே ஆள், வயதாகிப் படுத்த படுக்கையாகக் கிடக்கிறான். எங்கோ வேறு கிரகத்தில் இருக்கிற மற்றவனை ரேடியோவில் கூப்பிட்டு, "என்னை மன்னிச்சிடு அண்ணே" என்கிறான். முதல் பாகத்தில் அண்ணனாக இருந்தவன் மூன்றாம் பாகத்தில் எப்படித் தம்பியானான்?

மூத்தவர் முதல் பாகத்தைப் பிடித்துக்கொண்டார். மூடினவன் அண்ணன்தான், மூன்றாம் பாகத்தில் அவனுக்குக் காய்ச்சல், காய்ச்சலில் உளறுகிறான், உளறலை வைத்து வயசைக் கணக்குப் போடுவார்களா என்பது அவர் கட்சி. சின்னவன் மூன்றாம் பாகத்தைப் பிடித்துக்கொண்டான். சாகப்போகிறவன் பொய் சொல்லமாட்டான், மூடினவன் தம்பிதான். அப்படியானால் முதல் பாகத்தில் அழுதவன் யாரை அண்ணே என்றான்? பக்கத்தில் நின்ற மெக்கானிக்கை. டீக்கடைக்காரரையும் வண்டி ஓட்டுகிறவரையும் நாம் அண்ணே என்று கூப்பிடுவதில்லையா, அதுமாதிரி. எதிரே சலூன் வைத்திருப்பவருக்குத் தனிக் கட்சி. வேகமாகப் போகிற கப்பலில் காலம் மெதுவாக நடக்கும், அதனால் தம்பி வயசு ஏறி அண்ணனைத் தாண்டிவிட்டான் என்று ஒருநாள் கத்தரிக்கோலோடு ஓடிவந்து சொன்னார். வயசு ஏறும், பிறந்த வரிசை மாறுமா என்று மூத்தவர் ஒரே கேள்வியில் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அண்ணிக்கு இதெல்லாம் மனப்பாடம். அவள் மூத்தவரின் மனைவி. சின்னவன் அண்ணி அண்ணி என்று கூப்பிடுவதைக் கேட்டு அந்தத் தெருவுக்கே அவள் அண்ணியாகிவிட்டாள். கடைக்குப் பின்னால்தான் வீடு. நடுவில் ஒரு திரைச்சீலை. வெட்டின கண்ணாடியின் ஓரத்தைத் தண்ணீர் சொட்டச் சொட்டச் சக்கரத்தில் தீட்டுவதும், மீன்தொட்டி ஒட்டுவதும் அவள் வேலை. படத்தை அவள் பார்த்தது ஒரே தடவை, அதுவும் முதல் பாகம், இடைவேளைக்கு முன்பே தூங்கிவிட்டாள். ஆனாலும் சாப்பாட்டு நேரத்தில் தட்டுச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லாமல் போனால், சோற்றைப் பரிமாறிக்கொண்டே, "இருந்தாலும் அந்த மெக்கானிக் எதுக்கு அங்க வந்து நின்னான்?" என்று எடுத்துக்கொடுப்பாள். அவ்வளவுதான், இரண்டு பேரும் பிடித்துக்கொள்வார்கள். அரைத்த மாவையே அரைக்கிறார்களே, இந்தப் பொம்பளையும் கூடச் சேர்ந்து தூண்டிவிடுகிறாளே என்று சலூன்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

அவருக்குத் தெரியாது. அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்கிற ஒரே பேச்சு அதுதான்.

போன வருஷம் அவர்களுடைய அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மூச்சை இயந்திரம்தான் இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. இனி ஒன்றும் இல்லை, எடுத்துவிடலாமா என்று டாக்டர் கேட்டார். சின்னவன் வெளியூரில் ஒரு உயரமான கட்டிடத்துக்குக் கண்ணாடி மாட்டப் போயிருந்தான். சேதி கிடைத்துக் கிளம்பிவிட்டான், சாயந்தரம் வந்து சேர்ந்துவிடுவான். சாயந்தரம் வரைக்கும் வைத்திருக்கலாம் என்றுதான் டாக்டரும் சொன்னார். மூத்தவர் மத்தியானமே சரி என்று சொல்லிவிட்டார். சின்னவன் பையைத் தோளில் மாட்டியபடி வந்து நின்றபோது அம்மாவின் முகத்தை மூடியிருந்தார்கள். அண்ணி அங்கேதான் இருந்தாள். சின்னவன் கத்தவில்லை, அழவில்லை. "எனக்காக வச்சிருக்கக் கூடாதா?" என்று கேட்டான். மூத்தவர் ஆஸ்பத்திரிக் காகிதத்தில் கையெழுத்துப் போடப் போனார். அதற்குப் பிறகு யாரும் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

அன்றிலிருந்து சின்னவன் வாயில் 'அண்ணே' என்ற சொல் நின்றுபோனது. மூத்தவரும் 'டேய்' என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். ஆனால் கண்ணாடி வேலையில் முறைத்துக்கொண்டு தனித்தனியாக நிற்க முடியாது. பெரிய பலகையை இரண்டு பேர்தான் தூக்க வேண்டும், ஒருவர் காலை எடுத்துவைப்பது மற்றவருக்குத் தெரிய வேண்டும். அதனால் "தூக்கு", "இறக்கு", "படி", "விடு" என்கிற நாலைந்து வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மிச்சமெல்லாம் வளையம்.

அந்த வளையப் பேச்சும் வரவர வேறு மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. மூத்தவனாக இருக்கிறவன்தான் மூட வேண்டும், வேறு யார் மேல் அந்தச் சுமையைப் போடுவது என்பார் மூத்தவர். மூத்தவனாக இருந்தால் காத்திருப்பான், பதறி அடித்து மூடியதிலிருந்தே அவன் தம்பி என்று தெரியவில்லையா என்பான் சின்னவன். அண்ணி சக்கரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவர்கள் எந்தக் கதவைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். வலித்தாலும் பேசட்டும் என்றுதான் நினைத்தாள். பேசாமல் ஒரே வீட்டில் இரண்டு பேர் நடமாடுவதை அவளால் தாங்க முடியாது.

இப்படி இருக்கும்போதுதான் சின்னவன் அந்தச் சேதியைச் சொன்னான். மத்தியானச் சாப்பாடு, முட்டை பொரித்து வைத்திருந்தாள். தொலைவில் இருக்கிற கண்ணாடித் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும், தங்க இடமும் அங்கேயே என்றான். அண்ணியைப் பார்த்துத்தான் சொன்னான், ஆனால் இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். அவன் போனால் வீட்டில் ஒரு ஆள் குறைவது மட்டுமில்லை. பெரிய கண்ணாடிகளை இன்னொரு முனையில் பிடிக்க ஆள் இல்லை. கூலிக்கு யாரையோ பிடித்து நிறுத்தினால் மூத்தவர் எங்கே காலை வைப்பார் என்று அந்த ஆளுக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலே, இப்படிப் போனவன் திரும்பி வரமாட்டான் என்று அவள் மனசுக்குப் பட்டது.

மூத்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "அஞ்சாம் பாகம் வரப்போகுதே" என்றார்.

"அங்கயும் தியேட்டர் இருக்கு."

மூத்தவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். நான்கு பாகத்தையும் அவர்கள் ஒன்றாகத்தான் பார்த்தார்கள், நான்காவதை நடுவில் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். பொரித்த முட்டை அப்படியே இருந்தது. அண்ணி அதை ஒரு தட்டால் மூடிவைத்தாள்.

மறுநாள் கப்பல்காரர் மீன்தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கப்பலில் வேலை பார்த்து ஓய்ந்தவர்; இப்போது மீன் வளர்க்கிறார். தொட்டி ஒரு மூலையில் கசிந்தது. சகோதரர்கள் ரொட்டிக்கடையில் அளவெடுக்கப் போயிருந்ததால் கடையில் அண்ணி மட்டும் இருந்தாள். பழைய பசையைப் பிளேடால் சுரண்டி எடுத்தாள். நல்லவேளை, வளையக்காரர்கள் இல்லை என்று கப்பல்காரர் சிரித்தார். நீங்களும் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டாள். கப்பலில் போட்டார்கள், அதே பாஷையில் பார்த்தேன் என்றார். அப்படியானால் நீங்கள் சொல்லுங்கள், மூடினது யார் என்று ஒப்புக்குத்தான் கேட்டாள்.

"அதுல அண்ணனும் இல்ல, தம்பியும் இல்லம்மா. அந்தப் பாஷையில ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதான். கூடப் பிறந்தவன், அவ்வளவுதான். முன்னால பொறந்தானா பின்னால பொறந்தானான்னு அவங்க பார்க்கிறதில்ல."

"அப்போ இந்த அண்ணே, அண்ணேங்கிறது?"

"தமிழ்ல எழுதினவங்க போட்டது. முதல் பாகத்துக்கு ஒருத்தர் எழுதியிருப்பார், மூணாவதுக்கு இன்னொருத்தர். ஆளுக்கு ஒண்ணாப் போட்டுட்டாங்க."

அண்ணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. யாரோ முகம் தெரியாத இரண்டு பேர் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளாமல் எழுதிவிட்டுப் போனதற்கு இந்தக் கடையில் ஒரு வருஷமாகக் கண்ணாடியே உடைகிற அளவுக்குச் சண்டை. மெக்கானிக், காய்ச்சல், மெதுவாக நடக்கிற காலம். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குப் பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

"இதை அவங்ககிட்ட சொல்லிடாதீங்க" என்றாள்.

"ஏம்மா? சொன்னா சண்டை தீருமே."

"அதனாலதான் சொல்லாதீங்கன்றேன்."

கப்பல்காரர் அவள் முகத்தைப் பார்த்தார், சரி என்று தலையாட்டினார். அவள் அந்தத் தொட்டிக்கு நான்கு மூலையிலும் புதிதாகப் பசை போட்டுக் கொடுத்தாள். அன்று முழுக்க அந்த விடை அவள் வாய்க்குள்ளேயே உருண்டுகொண்டிருந்தது. சொல்லிவிட்டால் இரண்டு பேரும் அசடு வழியச் சிரிப்பார்கள். சிரித்து முடித்த பிறகு? பேச என்ன இருக்கும்? ஞாயிற்றுக்கிழமை வரைக்குமாவது இந்தப் பேச்சு இருக்கட்டும் என்று மென்று விழுங்கினாள்.

ரொட்டிக்கடை வேலை வெள்ளிக்கிழமை வந்தது. முகப்புக் கண்ணாடி, ஆள் உயரத்துக்கு மேல், கையை விரித்து நின்றாலும் இரண்டு பக்கமும் மிஞ்சும் அகலம். காலையிலிருந்து காற்று. கண்ணாடிக்காரர்களுக்கு மழைகூடப் பரவாயில்லை, காற்றுதான் ஆகாது. நாளைக்குப் பார்க்கலாமே என்று அண்ணி சொல்லிப் பார்த்தாள். ரொட்டிக்கடையில் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள், மாவெல்லாம் தூசியாகிறது என்றார் மூத்தவர். நாளைக்கு நான் பெட்டி கட்டணும் என்றான் சின்னவன். ஆட்களை விலக்கிவிட அவளும் கூடப் போனாள்.

வண்டியிலிருந்து இறக்கி, ரொட்டிக்கடைக்கும் பக்கத்துக் கட்டிடத்துக்கும் நடுவில் இருக்கிற சந்தில் நுழைந்ததுமே காற்று ஒரு மோது மோதியது. கண்ணாடி இரண்டு பேரையும் சேர்த்து ஒரு அடி இழுத்துக்கொண்டு போனது. "இறக்கு" என்றார் மூத்தவர். அண்ணி ஓடிப்போய் இரண்டு மரக்கட்டைகளைத் தரையில் போட்டாள். அதன்மேல் கண்ணாடியை நிமிர்த்தி வைத்தார்கள். ஆனால் விட முடியாது. இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், இரண்டு கையையும் கண்ணாடியில் ஊன்றிக்கொண்டு காற்று ஓய்கிற வரைக்கும் நிற்க வேண்டும். விட்டுவிட்டுப் போகவும் வழியில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டால் பலம் போய்விடும். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர்கள் நேருக்கு நேராக நின்றது அன்றைக்குத்தான்.

பிறகு மூத்தவர் வழக்கம்போல ஆரம்பித்தார்.

"அந்தக் கதவுல கண்ணாடி வச்சிருந்தான் பாரு, அதுதான் தப்பு. அந்தப் பக்கம் தெரியாம இருந்திருக்கணும்."

"தெரிஞ்சுதான மூடினான்?"

"தெரிஞ்சதாலதான் மூடினான். அவ கஷ்டப்படுறதைப் பார்த்துக்கிட்டு நிக்க முடியுமா?"

"காத்திருக்கலாம்" என்றான் சின்னவன். குரல் உடைந்தது. "சாயந்தரம் வரைக்கும் காத்திருக்கலாம்."

வளையத்தில் சாயந்தரம் கிடையாது. சூரியனே இல்லாத இடத்தில் மிதக்கிற நிலையத்தில் ஏது சாயந்தரம். அது அங்கே நின்ற மூன்று பேருக்கும் தெரியும். சொன்னவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். மூத்தவர் முகத்தில் ரத்தமே இல்லை. அண்ணிக்குப் பயம் வந்துவிட்டது. இந்த இடத்தில், கையில் இவ்வளவு பெரிய கண்ணாடியோடு, இனி என்ன வார்த்தை வந்து விழுமோ. சொல்லிவிடலாம், அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை, கூடப் பிறந்தவன் அவ்வளவுதான் என்று சொல்லி இந்தச் சண்டையை இங்கேயே முடித்துவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

அதற்குள் மூத்தவர் பேசினார்.

"நீ சொல்றதுதான்டா சரி. மூடினது தம்பிதான்."

சின்னவன் நிமிர்ந்து பார்த்தான்.

"பயந்துட்டான். கொஞ்சம் பொறுத்தா மத்தவன் வந்துடுவான். வந்து மூடாதேம்பான். அவன் அழுதா இவனால தாங்க முடியாது, சரின்னுடுவான். அப்புறம் அம்மா அப்படியே கிடப்பா, இன்னும் எத்தனை நாளோ. அதுக்குப் பயந்துதான் அவன் வர்றதுக்குள்ள அழுத்திட்டான். கேட்டிருக்கணும். கேட்கத் தைரியமில்ல. பெரியவன் செய்யிற காரியமா அது? சின்னப்பிள்ளை புத்தி."

இவ்வளவு நீளமாக அவர் பேசி அண்ணி கேட்டதில்லை. அந்த மத்தியானம் ஏன் சரி என்றார் என்று அவளிடம்கூட அவர் சொன்னதில்லை. சந்தின் முனையில் சைக்கிளில் வந்த ஒருவர் மணியடித்தார். அவள் கையைக் காட்டி அவரைத் திருப்பி அனுப்பினாள். சின்னவனுக்குக் கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை இல்லை. மூத்தவருக்கும் அதே கதி. கண்ணாடியின் இரண்டு பக்கமும் மூச்சு பட்டுப் புகைமாதிரி படிந்து படிந்து மறைந்தது.

"இல்ல" என்றான் சின்னவன்.

"என்ன இல்ல?"

"மூடினது பெரியவன்தான். முதல் பாகத்துல தெளிவா இருக்கு."

"மூணாம் பாகத்துல அவனே அண்ணேங்கிறானே."

"காய்ச்சல். உளர்றான்."

மூத்தவர் திகைத்துப்போனார். "அப்போ மெக்கானிக்? முதல் பாகத்துல அவனைத்தான் கூப்பிட்டான்னு நீதானடா சொன்னே?"

"மெக்கானிக் அந்த இடத்துலயே இல்லண்ணே. நான் சும்மா சொன்னேன்." அவன் தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். "தம்பியா இருந்தா மூடியிருக்கவே மாட்டான். எனக்கு அம்மா வேணும் வேணும்னு சொல்லி அவளைப் போட்டு இன்னும் வதைச்சிருப்பான். எல்லாம் தெரிஞ்சுதான் பெரியவன் மூடினான். ஆனா ஒண்ணு. இன்னொருத்தன் வர்ற வரைக்கும் தனியா நின்னான் பாரு, அதை நினைச்சா எனக்கு..." அதற்கு மேல் அவனால் முடியவில்லை.

அண்ணி சுவரில் சாய்ந்துகொண்டாள். அவள் காதில் மற்றதெல்லாம் விழுந்ததா என்று தெரியாது, 'இல்லண்ணே' மட்டும் விழுந்தது. ஒரு வருஷமாக அந்த வீட்டில் காணாமல் போயிருந்த சொல், போகிற போக்கில், வாக்கியத்தின் வாலில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. சொன்னவனுக்கே தெரிந்திருக்காது. மூத்தவருக்குத் தெரிந்தது. அவர் குனிந்து கட்டைகளைப் பார்க்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார்.

காற்று ஓய்ந்தது. தூக்கினார்கள். மூத்தவர் பின்பக்கமாக நடந்தார், சின்னவன் முன்னால் பார்த்து, "அண்ணே, படி. இன்னும் ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டே வந்தான். சட்டத்தில் கண்ணாடி சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. ரப்பர் பட்டையைச் சொருகி, விரலால் அழுத்தி, ஓரமெல்லாம் துடைத்தார்கள். சாக்கு எடுத்தவுடன் ரொட்டிக்கடைக்குள் வெளிச்சம் வந்தது. கடைக்காரர் சூடான பன்னும் டீயும் கொடுத்து உட்கார வைத்தார். மூன்று பேருக்கும் நல்ல பசி.

பன்னைப் பிய்த்துக்கொண்டே சின்னவன், அடுத்த வாரம் மருந்துக்கடையில் ஒரு கண்ணாடி இருக்கிறதே, அந்த மாடிப்படி வழியாக அதை எப்படி ஏற்றுவது என்று கேட்டான். திங்கட்கிழமை நீ போகணுமே என்றார் மூத்தவர் மெதுவாக. அவன் டீயை ஊதினான்.

"அஞ்சாம் பாகம் வரட்டும்ணே. பார்த்துட்டு யோசிக்கலாம்."

"அதுல தெரிஞ்சிடும்" என்றார் மூத்தவர். அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. "மூடினது தம்பிதான்னு தெரிஞ்சிடும்."

"அண்ணன்தான்."

"ஏன்டா, சாகப்போறவன் பொய் சொல்லுவானா?"

"உளறலை வச்சு வயசைக் கணக்குப் போடுவாங்களா?"

ஆளுக்கு ஆள் கட்சி மாறி, நேற்று வரை எதிராளி சொன்னதையெல்லாம் தன் சொத்து மாதிரி எடுத்து வீசினார்கள். ரொட்டிக்கடைக்காரர் தட்டை வைத்துவிட்டு, தெரியாத்தனமாக, அது என்ன படம் என்று கேட்டார். அண்ணி அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். கதை முதலிலிருந்து ஆரம்பமானது. தீப்பிடித்தது, கதவு வந்தது, ஒருவன் மூடினான். அந்த இடத்தில் இரண்டு பேரும் பிடித்த பிடியில் நின்றார்கள். கடைசியில் மூத்தவர் அவள் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு. இத்தனை நாளாக் கேட்டுக்கிட்டு இருக்கியே. மூடினது அண்ணனா, தம்பியா?"

சின்னவனும் அவளைப் பார்த்தான். அண்ணி வாயில் இருந்த பன்னை நிதானமாக மென்றாள், டீயைக் குடித்தாள், முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் இடைவேளைக்கு முன்னாலயே தூங்கிட்டேனே" என்றாள்.